கோஜி யகுஷோ: 'பெர்ஃபெக்ட் டேஸ்' ஹிராயாமாவுக்கு முன்னால் நாற்பது வருடம்

கேள்வி இது: "'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்தேன். டோக்கியோவில் பொதுக்கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமாவாக வருகிறாரே, யார் அவர்? இவ்வளவு அமைதியாக நடிக்கும் ஒருவரை 67 வயதில்தான் கண்டுபிடித்தார்களா? இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?"

அவர் பெயர் கோஜி யகுஷோ. அவரை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1983லிருந்து ஜப்பானில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளுக்கெல்லாம் அவர் தெரிந்த முகம். 'அமைதியான நடிகர்' என்பதும் பாதிதான் சரி. அந்த ஊர்ப் படங்களில் தொண்டை கிழியக் கத்தியவர், வாளைச் சுழற்றியவர், ஆளை அடித்துத் துவைத்தவர் என்று பட்டியல் போட்டால் இவர் பெயர் மேலேயே வரும். என்னைக் கேட்டால், ஹிராயாமாவின் மௌனம் நம்மிடம் எடுபடுவதற்கே அதுதான் காரணம். உள்ளே எதுவும் இல்லாதவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. இந்த மனுஷனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்ட அவருக்கு நாற்பது வருடம் கிடைத்தது. அந்த நாற்பது வருடத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பிறந்தது 1956 ஜனவரி 1. ஊர் கியூஷு தீவில் நாகசாகி மாநிலத்தின் இசஹாயா. ஐந்து பையன்களில் கடைக்குட்டி. இயற்பெயர் கோஜி ஹஷிமோதோ. தொழிற்கல்விப் பள்ளியை முடித்துவிட்டு டோக்கியோவுக்கு வந்து, சியோடா வட்டாரத்தின் நிர்வாக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அரண்மனை இருக்கிற வட்டாரம் அது. நல்ல அரசு வேலை, ஓய்வு பெறும் வரை கவலை இல்லை. அப்படி இருந்தபோதுதான் மாக்சிம் கார்க்கியின் 'தி லோவர் டெப்த்ஸ்' நாடகத்தை மேடையில் பார்க்கிறார். அதில் நடித்தவர் தத்சுயா நகடாய். அத்தோடு அலுவலக மேசை மேல் இருந்த பிடிப்பு போயிற்று.

நகடாய் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. அகிரா குரோசவாவின் 'ககேமுஷா', 'ரான்' இரண்டிலும் நாயகன் அவர்தான். மசாகி கோபயாஷியின் 1962 'ஹரகிரி'யில் கிழிந்த உடையோடு பிரபுவின் முற்றத்தில் வந்து உட்காரும் சாமுராயும் அவர்தான். அவரும் அவர் மனைவி யசுகோ மியசாகியும் 1975ல் நடிப்புப் பயிற்சிக்கு ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பெயர் முமெய்ஜுகு. கட்டணம் கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பித்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான் எடுப்பார்கள். 1978ல் அந்தச் சிலரில் ஒருவராக நம்ம ஆள் உள்ளே போனார். 'யகுஷோ' என்றால் அரசு அலுவலகம். பழைய வேலையை வைத்து நகடாய் சூட்டிய மேடைப் பெயர் அது.

அந்தக் காலத்தில் நடிகராவது என்றால் என்ன என்பதையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். 1958ல் ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே வருடத்தில் 112 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. பெரிய ஸ்டூடியோக்கள் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்து, வருடத்துக்குப் பத்துப் படம் கொடுத்து வளர்த்தன. தொலைக்காட்சி வந்தது, எல்லாம் சரிந்தது. யகுஷோ நடிக்க வந்தபோது அந்த ஏணியின் படிகள் பெரும்பாலும் உடைந்து கிடந்தன. ஒரு புது ஆளின் முகம் நாட்டுக்குத் தெரிய வேண்டுமானால் வழி தொலைக்காட்சிதான். 'செவன் சாமுராய்' நடிகர் தொஷிரோ மிஃபுனேவின் தலைமுறை சினிமாவில் பெயர் வாங்கிய பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. யகுஷோவின் தலைமுறை அங்கே தொடங்கி, சினிமாவுக்குள் நுழைய வருடக்கணக்கில் காத்திருந்தது.

அவருக்குக் கதவு திறந்தது ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யின் தாய்கா நாடகத்தில். ஞாயிறு இரவு 8 மணி, ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை ஒரே வரலாற்றுக் கதை. 1963லிருந்து நடந்துவரும் வழக்கம் இது. 1983ன் கதை 'தோகுகாவா இயெயாசு'. அதில் யகுஷோவுக்குக் கிடைத்த வேடம் ஓதா நொபுநாகா. ஜப்பானிய வரலாற்றில் இதைவிட ருசியான வேடம் குறைவு. பதினாறாம் நூற்றாண்டில் நாட்டைப் பாதி பிடித்தவன், துப்பாக்கியைப் போரில் திறமையாகப் பயன்படுத்தியவன், மலை மேல் இருந்த மடாலயத்தையே கொளுத்தியவன், கடைசியில் தன் தளபதியே துரோகம் செய்ய, எரியும் கோயிலுக்குள் உயிரை விட்டவன். 27 வயது இளைஞர் அந்த வேடத்தில் வந்து கண்ணை உருட்டினால் என்ன ஆகும்? அந்தத் தொடரின் சராசரிப் பார்வையாளர் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. கதாநாயகன் இயெயாசுதான், ஆனாலும் அந்த வருடத்தில் புதிதாகப் பிறந்த நட்சத்திரம் நொபுநாகா.

மறு வருடமே என்.எச்.கே. அவரை புகழ்பெற்ற வாள்வீரன் மியமோதோ முசாஷியாக, தனி நாயகனாகவே போட்டது. 1987லிருந்து டி.வி. அசாஹியில் 'சன்பிகி க கிரு'. மூன்று நாடோடி வாள்வீரர்கள் ஊர் ஊராகப் போவார்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கெட்ட அதிகாரி இருப்பான், கடைசிப் பத்து நிமிடத்தில் வெட்டித் தள்ளிவிட்டு நடையைக் கட்டுவார்கள். கூட நடித்தவர்கள் ஹிதேகி தகஹாஷியும், ரகுகோ என்ற நகைச்சுவைக் கதைக் கலையின் கதைசொல்லியான ஷுன்புதேய் கொஅசாவும். வாராவாரம் ஒரே மாதிரிக் கதை, ஒரே மாதிரிச் சண்டை. மட்டமான வேலை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பட்டறை அதுதான். கிமோனோவில் எப்படி உட்காருவது, எழுந்திருக்காமல் எப்படி மிரட்டுவது, வாளை உறையில் போட்ட பிறகு மூச்சு எப்படி அடங்குவது, இதெல்லாம் உடம்பில் ஊறும் வரை அவரால் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தது. 'பெர்ஃபெக்ட் டேஸ்'ல் மெத்தையை மூன்றாக மடித்து ஓரமாக வைக்கும் அசைவைப் பாருங்கள். ஒன்று கூடவோ குறையவோ இருக்காது.

இந்தத் தொலைக்காட்சிக் காலத்தின் நடுவில் சினிமாவில் ஒரே ஒரு மின்னல்: 1985ல் ஜூஸோ இதாமியின் 'தம்போபோ'. ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை நடத்தத் திணறும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். யகுஷோ அந்தக் கதையிலேயே இல்லை. வெள்ளை கோட்டு, வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தாதாவாகத் தனிக் கிளையில் திரிகிறார். படம் தொடங்குவதே அவரோடுதான். ஒரு திரையரங்கின் முன்வரிசையில் காதலியோடு வந்து உட்கார்ந்து, நம்மை நேராகப் பார்த்து, நீங்களும் படம் பார்க்க வந்திருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார். பின்னால் ஒருவன் பொட்டலத்தைச் சரசரவென்று பிரித்துக் கொறிக்கிறான். இவர் எழுந்து போய், படம் ஓடும்போது அந்தச் சத்தம் கேட்டால் கொன்றுவிடுவேன் என்று எச்சரித்துவிட்டு, அடுத்த நொடியே பழைய மரியாதைக்குத் திரும்பிவிடுகிறார். பச்சை முட்டையின் மஞ்சள் கருவை உடையாமல் வாயிலிருந்து வாய்க்கு மாற்றும் அந்தப் பிரபலமான காட்சியும் இவருடையதுதான் (குடும்பத்தோடு பார்க்கிறவர்கள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளவும்). அதே படத்தில் லாரி ஓட்டுநரின் உதவியாளாக வரும் இளைஞர் கென் வதனபே. பின்னாளில் ஹாலிவுட்டுக்குப் போனது அவர், ஊரிலேயே இருந்துகொண்டு உலகத்தைத் தன் பக்கம் வரவழைத்தது இவர்.

சினிமா அவரை முழுசாக எடுத்துக்கொண்டது நாற்பதை நெருங்கும்போதுதான். 1995ல் மசாதோ ஹராதாவின் 'காமிகாஸே டாக்ஸி'. பெருவில் வளர்ந்து ஜப்பானுக்குத் திரும்பிய, ஜப்பான் மொழியே தட்டுத்தடுமாறும் ஒரு டாக்ஸி ஓட்டுநர். தன் முகத்தோடும் பெயரோடும் சொந்த நாட்டிலேயே வெளியாளாக இருக்கும் மனிதன். பெரிய கூட்டம் பார்த்த படமில்லை, ஆனால் இயக்குநர்கள் பார்த்தார்கள். வாள்வீரன் வேடத்துக்கு அடியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பது அங்கேதான் வெளியே தெரிந்தது.

அப்புறம் 1996. மஸாயுகி சூஓவின் 'ஷால் வி டான்ஸ்?'. ஹாலிவுட்டில் ரிச்சர்ட் கியரை வைத்து 2004ல் எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதை மறந்துவிட்டு மூலத்தைப் பாருங்கள். சுகியாமா ஒரு கணக்காளர். மனைவி, மகள், வீட்டுக்கடன். மாலை ரயிலில் வரும்போது ஒரு நடனப் பள்ளியின் ஜன்னலில் தனியாக நிற்கும் பெண்ணைப் பார்க்கிறார். ஒருநாள் இறங்கிப் போய் நடனம் கற்கச் சேர்ந்துவிடுகிறார், வீட்டுக்குச் சொல்லாமல். அமெரிக்கப் படத்தில் இது ஒரு நடுவயது ஆசை, அவ்வளவுதான். ஜப்பானில் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடும் நடனம் என்றாலே ஒரு மாதிரியான பார்வை இருந்த காலம் அது, அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் அவர் திருடனைப் போலப் போக வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் ஒன்று. அலுவலகத்தில் மேசைக்கு மேலே அவர் முகம் கணக்குப் பார்க்கிறது, மேசைக்குக் கீழே கால்கள் பாட்டுக்கு ஸ்டெப் போட்டுப் பார்க்கின்றன. ரயில் நடைமேடையில் காத்திருக்கும்போதும் அந்தக் கால் சும்மா இருக்காது. இதில் வசனம் கிடையாது, முகத்தில் சிரிப்பும் கிடையாது. அந்த மனிதனின் இன்பம் முழுவதும் இடுப்புக்குக் கீழே நடக்கிறது, மேலே இருக்கும் கணக்காளருக்கு அது தெரியாத மாதிரியே நடிக்கிறார்.

ஜப்பான் அகாடமி விருதுகளை அந்தப் படம் மொத்தமாக வாரிக்கொண்டு போனது. சிறந்த நடிகர் இவர்தான். அமெரிக்கத் திரையரங்குகளிலும் நன்றாக ஓடியது. இதில் ஒரு வேடிக்கை: அதே 1996ல்தான் ஜப்பானியத் திரையரங்குகளின் டிக்கெட் விற்பனை அதுவரை இல்லாத அடிமட்டத்துக்கு, சுமார் 12 கோடிக்கு, இறங்கியிருந்தது. கூட்டமே வராத காலத்தில் உருவான நட்சத்திரம் என்று இவரைச் சொல்லலாம். ஒருவேளை அதனால்தான் இவருக்கு 'இமேஜ்' என்ற சுமை ஏறவில்லையோ என்னவோ. ரசிகர்களுக்காக இந்த வேடத்தைச் செய்ய மாட்டேன் என்று மறுக்க வேண்டிய நிலை அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

1997ல் வந்த மூன்று படங்களைப் பாருங்கள். ஷோஹெய் இமாமுராவின் 'தி ஈல்', கியோஷி குரோசவாவின் 'க்யூர்', யோஷிமித்சு மொரிதாவின் 'ஷித்சுரகுஎன்'. மூன்றாவது, ஒரு நாளிதழில் தொடராக வந்த ஜுன்'இசி வதனபேயின் நாவலைப் படமாக்கியது. திருமணமான இருவரின் கள்ளக்காதல். அந்த வருடம் ஜப்பானில் அந்தத் தலைப்பே ஒரு வினைச்சொல்லாகப் புழங்கும் அளவுக்கு ஓடியது. இன்று பார்த்தால் கொஞ்சம் பழசாகிவிட்டது, விட்டுவிடலாம்.

'தி ஈல்' பழசாகவில்லை. மனைவியின் கள்ளத்தொடர்பைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. இரவு மீன்பிடிக்கப் போனவன் பாதியில் திரும்பி வந்து பார்க்கிறான், கத்தியை எடுக்கிறான். பிறகு ரத்தம் தோய்ந்த உடையோடு சைக்கிளில் காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைகிறான். சைக்கிள் மிதிக்கும் அந்த நிதானத்தைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். எட்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு, ஆற்றங்கரைச் சிற்றூரில் முடிதிருத்தும் கடை வைக்கிறான். பேசுவது தான் வளர்க்கும் விலாங்கு மீனோடு மட்டும். கான் விழாவில் அந்த வருடத்தின் தலைசிறந்த பரிசான தங்கப் பனை, அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'டேஸ்ட் ஆஃப் செர்ரி'க்கும் இதற்கும் சேர்த்துக் கிடைத்தது.

'க்யூர்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். (இயக்குநர் கியோஷி குரோசவாவுக்கும் அகிரா குரோசவாவுக்கும் உறவில்லை.) டோக்கியோவில் கொலைகள் நடக்கின்றன. கொலை செய்தவர்கள் எல்லாம் சாதாரண மனிதர்கள், ஏன் செய்தோம் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. விசாரிக்கும் போலீஸ்காரர் தகபே, யகுஷோ. வீட்டில் மனநலம் குன்றிய மனைவி. குரோசவா காட்சிகளை வெட்டாமல் நீளமாக, தூரத்திலிருந்து எடுப்பவர், அதனால் குளோசப்பை நம்பி ஏமாற்ற வழியே இல்லை. சலவைக்கடையில் ஒரு காட்சி. தகபேயின் பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர் தனக்குத்தானே வசைமாரி பொழிந்துகொண்டிருக்கிறார், கடைக்காரர் வந்ததும் சட்டென்று பணிவாகப் பேசுகிறார். தகபே அதைச் சும்மா பார்க்கிறார். எரிமலை மேல் தட்டு வைத்து மூடியிருப்பது எல்லாருக்கும்தான், தனக்கு மட்டுமில்லை என்று அந்தப் பார்வை கவனித்துக்கொள்கிறது. இன்னொன்று, உணவகம். முதலில் போகும்போது தட்டில் வந்தது வந்தபடியே கிடக்கிறது. கடைசியில் அதே உணவகத்தில் தட்டு காலி, நிம்மதியாகச் சிகரெட் பற்றவைக்கிறார். அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அவருக்குள் என்ன நடந்தது என்பதுதான் படம். முடிவைச் சொல்லிக் கெடுக்கவில்லை. அந்த வேடத்துக்கு டோக்கியோ சர்வதேச விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு குரோசவா தன் பேய்களையும் பித்தர்களையும் சுமக்க இவரையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்.

2000ல் ஷின்ஜி அஓயாமாவின் 'யுரேகா'. பேருந்துக் கடத்தல் ஒன்றில் ஓட்டுநரும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்கள் எப்படி வாழ்வது என்பதை 217 நிமிடம், பழுப்பேறிய கறுப்பு வெள்ளையில் சொல்கிறது படம். களம் இவருடைய சொந்தக் கியூஷு. யகுஷோ அந்த ஓட்டுநர். பிள்ளைகள் பேசுவதில்லை, இவரும் பேசவைக்க முயல்வதில்லை, கூடவே இருக்கிறார். ஹிராயாமாவின் பெரியண்ணன் என்று இந்த ஓட்டுநரைச் சொல்லலாம்.

வெளிநாட்டுப் படங்கள் சில உண்டு. 2005ன் 'மெமாய்ர்ஸ் ஆஃப் எ கெய்ஷா'வில் முகத்தில் தழும்போடு நொபுவாக வருகிறார். ஆங்கிலத்தில் பேசவைத்து அவரை மரக்கட்டை ஆக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். மறுவருடம் இன்யாரிட்டுவின் 'பேபல்'. மொராக்கோவில் வேட்டைக்குப் போய், வழிகாட்டிக்குத் துப்பாக்கியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வந்த ஜப்பானியத் தகப்பன். வருவது சில காட்சிகள்தான், சொந்த மொழியில் பேசுவதால் மனிதர் உயிரோடு இருக்கிறார். 2009ல் 'கமா நோ அபுரா' என்று ஒரு படத்தைத் தானே இயக்கி நடித்தார், பெரிதாக எடுபடவில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது வாள் திரும்பக் கைக்கு வந்தது. தாகஷி மீகேயின் '13 அசாசின்ஸ்', 2010. கொடுங்கோலன் ஒருவனைக் கொல்லும் பொறுப்பை ரகசியமாக ஏற்கும் ஷிமாதா ஷின்சாஎமோன். அந்தப் பிரபுவின் கொடுமையில் கை கால் இழந்த ஒரு பெண்ணை அவர் முன் காட்டுகிறார்கள். நாக்கும் போய்விட்டது. அவள் வாயில் தூரிகையைக் கடித்து, அனைவரையும் கொல் என்ற பொருள்பட எழுதுகிறாள். அதைப் பார்த்து ஷின்சாஎமோன் சிரிக்கிறார். போரே இல்லாத காலத்தில் பிறந்து, சாகத் தகுந்த இடம் கிடைக்காமல் காத்திருந்த சாமுராய்க்கு அது கிடைத்துவிட்டது. கோபமும் பயமும் ஒரு பயங்கரமான மகிழ்ச்சியும் அந்தச் சிரிப்பில் ஒன்றாக வருகின்றன. கடைசிச் சண்டை முக்கால் மணி நேரம் ஓடுகிறது. எனக்கு நினைவில் நிற்பது என்னவோ இந்தச் சிரிப்புதான்.

அடுத்த வருடம் அதே மீகே 'ஹரகிரி'யை மறுபடி எடுத்தார். 1962ல் குரு நகடாய் முற்றத்தில் உட்கார்ந்து நியாயம் கேட்ட படம். சிஷ்யருக்குக் கிடைத்தது எதிர்த்தரப்பு வேடம், நியாயத்தை மறுக்கும் பிரபு வீட்டு மூத்த நிர்வாகி. பூனையை வருடிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், ஒரு குடும்பத்தை அழிக்கும் அதிகாரியாக நடித்தார். பழைய படத்தோடு ஒப்பிட்டால் புதியது ஒரு படி கீழேதான், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனி அனுபவம். பதினோரு வருடம் கழித்து 2022ல் வெளியான 'தோகே'யில் குருவும் சிஷ்யரும் சேர்ந்தே நடித்தார்கள். தோற்கப்போகும் போரில் ஒரு சிறு அரசைக் காக்கப் பார்க்கும் அமைச்சர் கவாய் சுகுனோசுகே யகுஷோ, அவருடைய பெரிய பிரபுவாக நகடாய்.

கத்துகிற யகுஷோ வேண்டும் என்றால் 2014ன் 'தி வேர்ல்ட் ஆஃப் கனாகோ'. காணாமல்போன மகளைத் தேடும் முன்னாள் போலீஸ்காரர், அவரைப் போல அருவருப்பான தகப்பனைத் திரையில் அதிகம் பார்க்க முடியாது. படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரே இரைச்சல். ஆனால் இமேஜ் பற்றிக் கவலைப்படாத நடிகர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்குச் சாட்சி. அதே வகையில் நன்றாக அமைந்தது 2018ன் 'தி பிளட் ஆஃப் வுல்வ்ஸ்'. 1988ன் ஹிரோஷிமா, தாதா கும்பல்களோடு பங்காளியாகவே பழகும் போலீஸ்காரர் ஓகாமி. லஞ்சம், அடாவடி, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு, அதற்கு அடியில் வேறொரு கணக்கும் உண்டு. மறுபடி ஜப்பான் அகாடமியின் சிறந்த நடிகர் விருது. அதற்கு முந்தைய வருடம் ஹிரோகாசு கொரேயேதாவின் 'தி தேர்ட் மர்டர்'. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு வாக்குமூலம் கொடுக்கும் கொலைகாரர். ஒரு கட்டத்தில் கண்ணாடியில் அவர் முகமும் வழக்கறிஞர் முகமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பது குழம்பிப்போகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு உச்சம் மிவா நிஷிகாவாவின் 'அண்டர் தி ஓப்பன் ஸ்கை'. ஜப்பானில் வெளியானது 2021. 13 வருடச் சிறைக்குப் பிறகு வெளியே வரும் முன்னாள் தாதா மிகாமி. ஒழுங்காக வாழ வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறார். ரத்த அழுத்தம், அரசின் உதவித்தொகை, சிறையில் கற்ற தையல், இவ்வளவுதான் கையிருப்பு. சூப்பர் மார்க்கெட்டில் திருடியதாகச் சந்தேகப்பட்டு நிறுத்துகிறார்கள், பையைக் கொட்டிக் காட்டிப் பொங்கிவிடுகிறார். ஓட்டுநர் உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கும் காட்சியில் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிறார். தெருவில் ஒரு அப்பாவியை இரண்டு ரவுடிகள் மிரட்டுவதைப் பார்த்ததும் தலையிட்டு அடிக்கிறார். அடிக்கும்போது முகத்தில் வரும் அந்தப் பரவசம்தான் பயமுறுத்துகிறது, இவருக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் புரிகிறது. நல்லவராக இருக்க வேண்டுமென்றால் அநியாயத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகக் கற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் சமூகம் அவரிடம் கேட்பது. பிற்பகுதியில், பலவீனமான ஒருவரை உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்யும்போது, மிகாமியும் கூடச் சேர்ந்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டியிருக்கிறது. '13 அசாசின்ஸ்' சிரிப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொலைக்காட்சியை அவர் உதறிவிடவில்லை. 2017ல் டி.பி.எஸ். சேனலின் 'ரிகுஓ': சைதாமா மாநிலத்தின் கியோதா ஊரில் பாரம்பரியக் காலுறை தைக்கும் நொடிந்த சிறு நிறுவனம் ஓட்டக் காலணி செய்யக் கிளம்பும் கதை, முதலாளியாக யகுஷோ. அழவைப்பதற்கென்றே எழுதப்பட்டது, நன்றாகவே அழவைக்கும். 2019ன் தாய்கா நாடகத்தில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவாக வந்தார்.

இப்போது 2023ன் கணக்கைப் பாருங்கள். மே மாதம் கானில் 'பெர்ஃபெக்ட் டேஸ்'க்காகச் சிறந்த நடிகர் விருது. 2004ல் 'நோபடி நோஸ்' படத்தின் சிறுவன் யூயா யகிராவுக்குப் பிறகு அதை வாங்கிய இரண்டாவது ஜப்பானியர். அதே மாதம் ஜப்பானில் கவிஞர் கென்ஜி மியசாவாவின் தந்தையாக ஒரு படம். ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் 'தி டேஸ்': 2011 சுனாமியில் ஃபுகுஷிமா அணு உலைகள் கட்டுமீறியபோது உள்ளேயே இருந்த நிலைய மேலாளர் மசாஓ யோஷிதா இவர். ஜூலையிலிருந்து 'விவான்ட்' என்ற பிரம்மாண்டத் தொடரில் ஒரு மர்ம இயக்கத்தின் தலைவர். டிசம்பரில்தான் ஹிராயாமா ஜப்பானியத் திரைக்கு வந்தார். வயது 67.

ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் அந்தப் படம் ('பெர்ஃபெக்ட் டேஸ்') ஷிபுயா வட்டாரத்தில் பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்து 17 பொதுக்கழிப்பறைகளைப் புதுப்பித்த திட்டத்திலிருந்து முளைத்தது. படப்பிடிப்பு மூன்று வாரம்கூட இல்லை. யகுஷோ துப்புரவுப் பணியாளர்களிடமே வேலை கற்றுக்கொண்டார். ஹிராயாமா என்ற பெயர் பழைய ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களில் சிஷு ரியூ நடித்த பாத்திரங்களுடையது. ஓசுவின் மேல் வெண்டர்ஸுக்கு உள்ள பக்தி பழசு.

மறுபடி பார்க்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். உடன் வேலை செய்யும் பையன் திடீரென்று நின்றுவிட, ஹிராயாமா இரட்டை வேலை பார்க்க வேண்டிவருகிறது. இரவில் நிறுவனத்துக்குப் போன் போட்டு, தினமும் இப்படிச் செய்ய முடியாது என்று குரலை உயர்த்துகிறார். மொத்தப் படத்திலும் அவர் சீறுவது அந்த ஒரு தடவைதான். சில நொடிகளில் பழைய மிகாமி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். இன்னொன்று, தங்கை ஓட்டுநர் வைத்த காரில் வந்து இறங்கும் காட்சி. நிஜமாகவே கழிப்பறைதான் சுத்தம் செய்கிறாயா என்று கேட்கிறாள். சிரித்தபடி தலையாட்டுகிறார். கார் போன பிறகு உடைந்து அழுகிறார். அந்த வீடு, அந்த அப்பா, விட்டுவந்த வாழ்க்கை எதைப் பற்றியும் படம் விளக்கம் தருவதில்லை. கடைசியில் நீனா சிமோன் பாட, வண்டி ஓட்டும் அந்த முகத்தில் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி ஏறி இறங்கும் நீண்ட குளோசப்பில் அதற்கான வேலையை அவரே பார்த்துக்கொள்கிறார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 'ஷால் வி டான்ஸ்?' முதலில், வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்து 'க்யூர்', இரவில் தனியாக. அது பிடித்தால் 'தி ஈல்', பிறகு 'அண்டர் தி ஓப்பன் ஸ்கை'. அடிதடி வேண்டும் என்கிற நண்பர் யாராவது கூட இருந்தால் '13 அசாசின்ஸ்' போடுங்கள், முதல் ஒரு மணி நேரம் யாரும் வாளை எடுக்கவில்லையே என்று அவர் முனகினால் கண்டுகொள்ளாதீர்கள். 'யுரேகா'வை மட்டும் வேலை நாளின் இரவில் தொடங்க வேண்டாம். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்தப் படம் கையில் தங்காது.